இல்லா நாட்டிற்கு நிறம் தீட்டல்

உள்ள நாட்டிற்குப் படம் வரைதல் நில அளவையார் தொழில். இல்லாத நாட்டிற்குப் படம் வரைதல் சிறுவர் விளையாட்டு என்று கருதுவார் நம்மிடையே பலர். அதிலும், கையால் மையிட்டு வரைந்த அத்தகைய படமொன்றைக் கணினியில் ஏற்றி, மலைக்கு நிழலும் வயலுக்குப் பசுமையும் கடலுக்கு ஆழமும் ஊட்டக் கற்பதிலே விடுமுறையைப் போக்கும் தமிழ் மாணவனைக் காணின், 'இதற்கும் நின் தமிழுக்கும் என்னப்பா தொடர்பு?' என்று வினவாமல் விடார். வினா தகுதியுடையதே. இக்கலை தமிழ் பயில்வார் கற்கத் தக்கது என்பதும், கற்றவர் கைக்கொள்ள வேண்டியதோர் ஒழுங்கு உண்டு என்பதுமே யான் ஈண்டுக் கூறக் கருதியன.

இல்லா நாட்டிற்குப் படம் கண்டோர் சிறுவர் மட்டும் அல்லர். தாமஸ் மூர் எழுதிய 'உட்டோப்பியா' 1516ஆம் ஆண்டு லூவேன் நகரில் முதன்முதல் அச்சேறியபோதே அத்தீவின் மரச்செதுக்குப் படமொன்றும் அதனோடு அச்சாயிற்று. ஸ்டீவன்சன் 1881ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தில் தம் மனைவியின் மகனாகிய சிறுவனோடு பொழுது போக்குங்கால், தீவொன்றை வரைந்து நிறமும் தீட்டினார். அப்படத்தினின்றே 'புதையல் தீவு' என்னும் கதை கிளைத்தது. இவற்றினும் நமக்கு அணுக்கமானது டோல்கீன் என்பாரது செய்தி. அவர் ஆக்ஸ்போர்டில் பழைய ஆங்கிலம் கற்பித்த மொழிநூற் பேராசிரியர். தம் நெடுங்கதைக்குரிய நாட்டுப்படத்தை 1970ஆம் ஆண்டு வண்ணத்தில் வரைந்த பாலின் பெய்ன்ஸ் அம்மையாருக்கு வழிகாட்டுவான் வேண்டி, பழைய படப்படியொன்றின் மேல் அவர் தம் கையாலேயே குறிப்புக்கள் எழுதினார். அப்படி 2015ஆம் ஆண்டு வெளிப்பட, மறு ஆண்டில் பாட்லியன் நூலகம் அதனை வாங்கிற்று. கப்பலுக்கு எந்நிறம், கதையில் வரும் ஊர் நம் உலகின் எவ்வூரோடு ஒத்த வெப்ப தட்பம் உடையது என்பனவெல்லாம் அதில் உள. மொழிநூல் வல்லார் ஒருவர்க்கு இத்துணைக் கருத்து நிறத்தின்மேல் இருந்ததாயின், தமிழ் மாணவர்க்கு அது புறம்பான தொழில் என்பது எங்ஙனம்?

இனிச் செய்முறையைச் சிறிது விரித்துரைப்பேன். பின்னர் வருங் கருத்துக்கு அதுவே அடிப்படையாதலின் பொறுத்தருள்க.

முதற்கண் நல்ல தடித்த தாளிற் கருமையால் கோட்டுப்படம் வரையப்படும். கடற்கரை, ஆறு, மலைத்தொடர், காடு, ஊர்ப்பெயர் ஆகிய யாவும் கோடாகவே இருத்தல் வேண்டும். கையாலேயே நிழலிட்டுவிட்டால் கணினி நிழலும் அதுவும் ஒன்றோடொன்று மல்லிடும். அப்படத்தை வருடியால் அங்குலத்திற்கு 300 புள்ளி வீதம் எடுத்துக் கணினியில் ஏற்றுவர். வருடி இல்லார், காலை வெயில் நேரே படாத திண்ணையில் தாளை விரித்துக் கைப்பேசியால் எடுத்துக்கொள்வதும் உண்டு. அறந்தாங்கியில் எங்கள் வீட்டுத் திண்ணை இதற்குப் பெரிதும் உதவிற்று. பின்னர்த் தாளின் மங்கலை வெண்மையாகவும் மையின் சாம்பலைக் கருமையாகவும் திருத்தல் வேண்டும். இவற்றுக்கெல்லாம் விலைமிக்க செயலிகள் வேண்டுவதில்லை. 'கிம்ப்', 'கிரிட்டா' என்னும் இரண்டும் யாவர்க்கும் விலையின்றிக் கிடைப்பன. அவற்றுள் முன்னையது 1995ஆம் ஆண்டு பெர்க்லிப் பல்கலைக்கழக மாணவர் இருவர் தொடங்கியதென்பது மாணவராகிய நமக்கு இனிக்குஞ் செய்தி.

இச்செயலிகளின் உயிர்நிலை அடுக்கு என்பது. கண்ணாடித் தகடுகள் பலவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு பகுதியை எழுதினாற்போல, கோடு ஒரு தகட்டிலும் நிலநிறம் ஒரு தகட்டிலும் நிழல் ஒரு தகட்டிலும் ஒளி ஒரு தகட்டிலுமாகத் தனித்தனியே நிற்கும். கோட்டுத்தகடு மேலே இருந்தால் அதன் வெண்மை கீழுள்ள நிறத்தை மறைத்துவிடாதோ எனின், மறையாது. 'பெருக்கல்' என்னும் கலப்புமுறையொன்று உண்டு. வெண்மையை ஒன்று என்றும் கருமையைச் சுழி என்றும் கொள்க. எந்நிறத்தையும் ஒன்றாற் பெருக்க அந்நிறமே வரும்; சுழியாற் பெருக்கச் சுழியே வரும். ஆகவே தாள் மறைந்து மை மட்டும் நிற்கும். கீழ்வகுப்புக் கணக்கு ஓவியத்தில் இத்துணை அழகாக வேலை செய்வதை யான் வேறெங்கும் கண்டிலேன்.

நிழலுக்குக் கருமையை எடுப்பது தொடங்குவார் இயல்பு. கருமை நிறங்களைக் கொன்றுவிடும். மங்கிய நீலங் கலந்த ஊதாவே மலைநிழலுக்குப் பொருந்தும். அதனையும் ஒரே தடவையில் அழுத்தமாகப் பூசாது, பத்தில் ஒரு பங்கு அடர்த்தியில் பலகாலும் தடவித் தடவி ஏற்றுதல் வேண்டும். ஒளி எத்திசையினின்று வருகிறது என்பதை முதலிலேயே உறுதி செய்துகொண்டு, படமுழுதும் அதனின் வழுவாதிருத்தல் வேண்டும். நிலப்படம் வரைவோர் மரபு ஒளியை இடப்புற மேன்மூலையில், அஃதாவது வடமேற்கில், வைப்பது. சுவிட்சர்லாந்து நாட்டு எடுவர்ட் இம்ஹோஃப் போன்ற பேராசான்களும் பெரும்பாலும் இம்மரபையே போற்றினர். மெய்யான கதிரவனுக்கும் இதற்கும் யாதும் இயைபில்லை. அறந்தாங்கியிற் சித்திரைத் தொடக்கம் முதல் ஆவணி முற்பகுதி வரையிலன்றி நண்பகற் கதிரவன் வடபாற் சாய்வதேயில்லை. ஏனைத் திங்களெல்லாம் அவன் தென்பாலிலேயே செல்வான். ஆயினும் மெய்யை நாடி ஒளியைத் தெற்கே, படத்தின் அடியிலே, வைத்துப் பாருங்கள்: மலை பள்ளமாகவும் பள்ளத்தாக்கு மலைத்தொடராகவும் தலைகீழாகத் தோன்றும். ஒளி மேலிருந்தே வரும் என்று நம் கண் பழகியிருக்கிறது. அப்பழக்கத்தை ஓவியன் பயன்கொள்கிறான்.

ஈண்டுத்தான் இக்கலையின் ஆற்றல் விளங்குகிறது. அதன் இடர்ப்பாடும் விளங்குகிறது. எங்கும் இல்லாத கதிரவன் ஒருவனை வைத்து, எங்கும் இல்லாத மலைக்கு நிழலிட்டவுடன் அம்மலை மெய்யாகத் தோன்றுகிறது. கோட்டளவில் இருந்தபோது 'இது யாரோ வரைந்தது' என்று பார்த்த கண், நிழல் ஏறியபின் 'இது எங்கோ உள்ளது' என்று பார்க்கிறது. உள்ள நாட்டுப் படங்களிலுமே நிறம் இவ்வாறு நம்மை ஏமாற்றுவதுண்டு. பள்ளிச் சுவர்ப்படத்தில் தாழ்நிலத்திற்கெல்லாம் பச்சை இட்டிருப்பர். அப்பச்சை உயரக்குறைவைக் காட்டுவதேயன்றி வளத்தைக் காட்டுவதன்று. அதனை நம்பி இராமநாதபுரத்துக் கடற்புறத்தை நஞ்சைநிலம் என்று கொள்வான் ஒருவன் அங்குப் போய்ப் பார்த்தால் வியப்பெய்துவான். எங்கள் ஊரே ஒரு காலத்தில் தஞ்சை மாவட்டத்து நிறத்தில் இருந்தது. 1974ஆம் ஆண்டு சனவரியில் புதுக்கோட்டை மாவட்டம் அமைந்தபின் வேறு நிறம் பூண்டது. வெள்ளாறும் கண்மாய்களும் இருந்த இடத்திலேயே இருந்தன.

தமிழ் மாணவர்க்கோ இவ்விடத்தில் ஒரு தனிப்பேறு உண்டு. மேலைநாட்டார் உயரத்தை அளந்து நிறம் வகுத்தனர். நம் முன்னோர் நிலத்தையே பொருளாகப் பகுத்து வைத்தனர். குறிஞ்சிக்கும் முல்லைக்கும் மருதத்திற்கும் நெய்தலுக்கும் நிறம் தேர்வான் ஒருவன், பூவையும் புள்ளையும் பறையையும் யாழையும் ஒருங்கு எண்ணியே தேர்தல் வேண்டும். பாலைக்கு வருங்கால் சிக்கல் எழும். தொல்காப்பியம் நிலம் நான்கினையே பெயர் சொல்லிப் பகுத்தது. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்த நிலையே பாலை என்று சிலப்பதிகாரம் காட்டும். அங்ஙனமாயின், பாலைக்கு அடிநிறம் ஒன்றைத் தனியே பூசுதல் இலக்கண வழுவாகும்! குறிஞ்சியின் மேலும் முல்லையின் மேலும் ஈரத்தை உறிஞ்சும் மங்கல் அடுக்கு ஒன்றை இட்டு, வேனிலுக்கு அதனைக் கூட்டியும் காருக்கு அதனைக் குறைத்தும் காட்டுதலே முறை. வகுப்பிற் பலமுறை கேட்ட இத்திரிபு, அவ்வடுக்கைக் கணினித் திரையில் ஏற்றி இறக்கியபோதே எனக்குக் கண்கூடாயிற்று. கற்பனை நாட்டுப் படத்தால் தமிழ் மாணவனுக்கு வரும் பயன் யாதென்று கேட்டவர்க்கு இது ஒரு விடை.

மற்றொரு விடை இதனினும் பெரிது. தமிழர் வரைந்த கற்பனை நாட்டுப் படங்களுள் புகழ்மிக்கது குமரிக்கண்டத்தின் படம். அதன் வரலாறு நிறந்தீட்டுவார் ஒவ்வொருவரும் அறியத்தக்கது. பஃறுளியாற்றையும் குமரிக்கோட்டையும் கடல் கொண்ட செய்தி சிலப்பதிகாரத்தில் வருகிறது. அதன் உரையாசிரியர் அடியார்க்கு நல்லார், பஃறுளியாற்றிற்கும் குமரியாற்றிற்கும் இடைப்பட்ட தொலைவு எழுநூறு காவதம் என்றும், ஏழ்தெங்க நாடு முதலாக நாற்பத்தொன்பது நாடுகள் ஆண்டு இருந்தன என்றும் விரித்தார். பல நூற்றாண்டுகள் கழிந்தபின், 1864ஆம் ஆண்டில் ஸ்க்லேட்டர் என்னும் ஆங்கில விலங்குநூலார், லெமூர் என்னும் விலங்கின் இனம் மடகாஸ்கரிலும் அதனை ஒத்தவை இந்தியாவிலும் இருத்தற்குக் காரணம் தேடி, கடலில் அமிழ்ந்த கண்டமொன்றைக் கருதி அதற்கு 'லெமூரியா' என்று பெயரிட்டார். இவ்விரண்டும் பின்னர்த் தமிழ்நாட்டில் ஒன்றாயின.

படம் பிறந்தது 1916இல், மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் 'செந்தமிழ்' இதழிலே. வரைந்தவர் சுப்பிரமணிய சாஸ்திரியார். அவர் கருத்தோ, கடல்கொண்ட நிலம் ஒரு வட்டத்தின் அளவினும் பெரிதன்று என்பது. கண்டம் என்பாரை மறுக்கவே அப்படத்தை வெளியிட்டார். எங்கள் அறந்தாங்கி வட்டம் போன்றதொரு சிறு நிலத்தை மனத்திற் கொண்டு மறுப்பாக வரைந்த படத்திற்குப் பின்னே, கண்டங்கள் வரிசையாக எழுந்தன என்பது நகைப்பிற்குரியதா, இரங்கற்குரியதா என்று யான் துணிந்திலேன். 1927இல் பூரணலிங்கம் பிள்ளையவர்கள் படம் வந்தது. 1946இல் புலவர் குழந்தை வெளியிட்ட படத்தில் தென்மதுரையும் கபாடபுரமும் இடம் பெற்றன. 1977இல் இரா. மதிவாணன் அவர்கள் படத்தில் நாற்பத்தொன்பது நாடுகளும் தத்தம் எல்லையோடு அமைந்தன. 1981இல் மதுரையில் கூடிய ஐந்தாம் உலகத் தமிழ் மாநாட்டில் அரசினர் பொருளுதவியால் எடுத்த குமரிக்கண்டத் திரைப்படமும் காட்டப்பெற்றது. இப்படங்களையெல்லாம் ஒருங்கு திரட்டி ஆராய்ந்த ஆங்கில நூலொன்றைச் சுமதி இராமசாமி அம்மையார் 2004இல் வெளியிட்டார். ஒவ்வொரு படத்திலும் மலையும் ஆறும் மிகுந்தன. உரையிற் சொல்லாத வளைவுகள் கடற்கரைக்கு வந்தன. இன்று அவற்றின்மேல் கணினி நிறமும் நிழலும் ஏற்றப்பட்டு, விண்ணிலிருந்து எடுத்த படம்போற் கைப்பேசிதோறும் உலவுகின்றன. பெயரில்லை, ஆண்டில்லை, வரைந்தவர் இன்னார் என்பதில்லை.

இந்நாடு உண்டு என்பதற்கு நிலநூல் சான்று தருமோ எனின், தராது. கண்டங்கள் நகர்வன என்பது கடந்த நூற்றாண்டின் அறுபதுகளில் உறுதியானபின், விலங்குகளின் பரவலுக்கு அமிழ்ந்த கண்டம் வேண்டாதாயிற்று. மொரீசியசுத் தீவின் கீழ்ப் பழங்கண்டத்துண்டு ஒன்று உண்டென 2013இல் ஆராய்ச்சியாளர் கூறினர். அது பிரிந்து மறைந்த காலத்தில் மக்களினமே தோன்றவில்லை. அச்செய்தியைக் குமரிக்கண்டத்திற்குச் சான்றாக்குவார் ஆண்டுகளின் சுழிகளை எண்ணிப் பார்த்தாரல்லர்.

ஆயின் கடல்கொண்ட நிலம் என்பதே பொய்யோ? அன்று. ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், பனிப்படலம் மிக்கிருந்த காலத்தில், கடல் மட்டம் இன்றைக்கிருப்பதினும் 120 மீட்டர் அளவு தாழ்ந்திருந்தது. எங்கள் ஊருக்குக் கிழக்கே மணமேல்குடியிலும் கட்டுமாவடியிலும் கோட்டைப்பட்டினத்திலும் அலை தவழும் பாக்கு விரிகுடாவின் ஆழமோ பெரும்பாலும் 15 மீட்டருக்கு உட்பட்டது. அன்று அது முழுதும் தரை. ஈழத்திற்கு நடந்தே செல்லலாம். கடலாழ எண்களை 'ஜெப்கோ' என்னும் அமைப்பு யாவர்க்கும் விலையின்றித் தருகிறது. அவ்வெண்களை நிழலாக மாற்றித் திரையில் விரித்து, நீர்மட்டத்தை 120 மீட்டர் கீழே இறக்கினால், வேதாரணியத்திற்கும் யாழ்ப்பாணத்திற்கும் இடையே வெளிர்பச்சைச் சமவெளி ஒன்று மெல்ல எழுகிறது. குமரிமுனைக்குத் தெற்கே கரை சிறிது விரிகிறது. அப்பால் ஆழ்கடல் ஆழ்கடலாகவே நிற்கிறது. எழுநூறு காவதம் கிடைக்கவில்லை. கிடைத்தது சிறிதாயினும் அளந்து அறிந்தது. என் உள்ளத்தை அச்சிறு சமவெளி ஈர்த்த அளவு பெருங்கண்டம் ஈர்த்ததில்லை.

'இங்ஙனம் பேசுதல் தமிழ்ப்பற்றைக் குளிரச் செய்யும்' என்பர் என் தோழருட் சிலர். அவர் பற்றினை யான் ஐயுறேன். ஆயினும் தமிழின் பெருமை உரைமரபிலும் உண்டு என்பதை அவர்க்கு நினைவூட்டுவேன். மூலம் வேறு, உரை வேறு என்பதில் நம் உரையாசிரியர் எத்துணை விழிப்பாயிருந்தனர்! பிறர் கொள்கையை எடுத்துக்காட்டி, மறுத்து, தம் கருத்தைத் தம் கருத்தென்றே நிறுவினர். மூலத்தோடு உரையைக் கலந்து எழுதிய ஏட்டை இடைச்செருகல் உடையதென்று ஒதுக்கினர் பதிப்பாசிரியர். கணினியின் அடுக்குக்கள் இம்மரபுக்கென்றே அமைந்தனபோல் உள்ளன. பாட்டிற் சொன்னது ஓர் அடுக்கு. உரையிற் சொன்னது மற்றோர் அடுக்கு. வரைவோன் கற்பித்தது மூன்றாம் அடுக்கு. வேலை முடிந்தவுடன் இவற்றையெல்லாம் ஒன்றாக அழுத்தி ஒரே படமாக்கி வெளியிடுவது இன்று யாவரும் செய்வது. அவ்வழுத்தலே இடைச்செருகல். மேலிருந்த கற்பனை கீழிருந்த பாட்டோடு ஒட்டிக்கொள்கிறது. பின்னர் எவராலும் பிரித்தெடுத்தல் இயலாது.

ஆகலின், நம் கல்லூரியில் இக்கலை பயில்வார் வரைந்த படத்தின் மூலையில் தம் பெயரையும் ஆண்டையும் இடுக; 'கற்பனை' என்ற சொல்லையும் படத்தின் உள்ளேயே, நறுக்கி எடுக்கவியலாத இடத்தில், எழுதுக. பாட்டு வாய்திறவாத இடத்தில் நிழலைக் குறைத்துத் தாளின் வெண்மையை விட்டுவைக்க. அடுக்குக்கள் கலவாத கோப்பையும் கேட்டவர்க்குக் கொடுக்க. இதனால் படத்தின் அழகு குன்றும் என்பது வெற்றச்சம். எச். ஏ. கிருஷ்ணபிள்ளையவர்கள் 1894இல் வெளியிட்ட 'இரட்சணிய யாத்திரிகம்' வழிப்பயணமாகவே அமைந்த காப்பியம். அதன் வழியை எவரும் உலகவுருண்டையில் தேடியதில்லை. தேடாமையால் அதன் சுவை குறைந்ததுமில்லை. அதற்கொரு வண்ணப்படம் நம் மாணவருள் எவரேனும் வரையின் அடுத்த ஆண்டு மலருக்கு அது அணியாகும்.

இத்துணைக் கடுமை ஏன் என்று கேட்பார்க்கு ஒன்று கூறுவேன். கோட்டைப்பட்டினத்திலும் செகதாப்பட்டினத்திலும் இருந்து விசைப்படகிற் செல்வோர்க்குப் படத்தின் கோடு விளையாட்டன்று. 1974, 1976ஆம் ஆண்டுகளின் உடன்படிக்கைகளால் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையே கடலில் வகுக்கப்பட்ட கோட்டிற்கு நிறமில்லை, நிழலில்லை. அலையின்மேல் அதனைக் கண்டவர் எவருமில்லை. ஆயினும் அதனைத் தாண்டினார் என்று சிறைப்பட்டோரும் படகிழந்தோரும் அவ்வூர்களில் உளர். அக்கரையில் வாழும் மக்கள் நடுவே இருந்துகொண்டு, 'படந்தானே, எப்படி வரைந்தால் என்ன?' என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

அடியார்க்கு நல்லார் கூறிய நாற்பத்தொன்பது நாடுகளுக்கு இவ்வொழுங்கின்படியே படமொன்று வரைந்து நிறம் தீட்டி வருகின்றேன். பெயர்களே பெரும்பாலும் நிறம் சொல்லிவிடுகின்றன. தெங்க நாட்டிற்குத் தென்னையின் பசுமை. முன்பாலைக்கும் பின்பாலைக்கும் மேலே கூறிய மங்கல் அடுக்கு. குன்ற நாட்டிற்கு நீலநிழல். குறும்பனை நாட்டிற்குச் செம்மணல். மதுரை நாட்டிற்கு மருதத்தின் பச்சையை இட்டது என் துணிபு. ஆதலின் அது மூன்றாம் அடுக்கிலே உள்ளது. குணகாரை நாடு ஏழும் இன்னும் வெறுந்தாளாக நிற்கின்றன. காரை என்பதைச் செடியின் பெயராகக் கொள்ளின், அம்முட்செடி அறந்தாங்கிப் புறம்போக்கு நிலமெங்கும் உண்டு; அதன் பழுத்த கனியின் மஞ்சளை எடுத்துக்கொள்ளலாம். கொள்ளலாமோ என்பதைப் பேராசிரியரைக் கேட்டபின்னரே தூரிகையை வைப்பேன்.